இருட்டில் முளைத்த நெல்

கள்ளிவலசை ஊருணியில் பஞ்சவர்ணத்தின் குடம் முங்கவில்லை.

பிளாஸ்டிக் குடம் மிதக்கும்தான். வாயைச் சாய்த்து ஓர் அழுத்து அழுத்தினால் இரண்டு மடக்குக் குடித்துவிட்டு உள்ளே இறங்கிவிடும். அன்று காலை அழுத்தியபோது அடியில் ஏதோ ஒன்று அதைத் தாங்கிப் பிடித்தது. இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தாள். குடம் சறுக்கிக்கொண்டு பக்கத்தில் போய் மிதந்தது. யாரோ பழைய மெத்தையைக் கொண்டுவந்து குடிதண்ணீரில் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து, ஊரிலுள்ள விடலைப் பயல்கள் அத்தனை பேரையும் பொதுவாக வைதாள். கையை விட்டுத் துழாவியதும் வசவு நின்றுபோனது.

வெள்ளையாக ஒன்று கையோடு வந்தது. நூலைவிட மெல்லிசான இழைகள், லட்சக்கணக்கில், ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. ஒரு பிடியைப் பிய்த்துப் பிழிந்தாள். ஈரம் கசிந்ததே தவிரத் தண்ணீர் ஊற்றவில்லை.

இராமநாதபுரம் சீமையில் நிலத்தடியில் எங்கே தோண்டினாலும் உப்பு. மழைத் தண்ணீரைத் தேக்கிவைக்கும் ஊருணி ஒன்றுதான் நல்ல தண்ணீர். அதனால் கள்ளிவலசைக்காரர்கள் ஊருணிக் கரையில் செருப்போடு ஏறமாட்டார்கள். துணி துவைக்கமாட்டார்கள். மாடு இறங்கினால் மாட்டுக்காரனுக்கு அபராதம். கோயிலைவிட ஊருணிக்குத்தான் அங்கே கட்டுப்பாடு அதிகம். இத்தனை காபந்து பண்ணிய தண்ணீர் வற்றியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். ஊருணி நிறைந்துதான் இருந்தது. பங்குனி வெயிலில் பளபளத்துக்கொண்டு, கரை தளும்ப, கண்ணெதிரே இருந்தது. எடுத்துக் குடிக்கத்தான் முடியவில்லை.

அரிவாளால் அறுத்துப் பார்த்தார்கள். ஜேசிபி வைத்து அள்ளினார்கள். அள்ளிப்போட்ட இடத்திலும் அது வேர் பிடித்தது. அதன் பிறகுதான் ஊராட்சித் தலைவர் மதுரைக்குத் தொலைபேசியில் பேசினார். தமயந்தி வந்து இறங்கினார்.

தமயந்தி தாவர உயிரியல் விஞ்ஞானி. தூவி-3 என்ற நெல்லை உருவாக்கிய குழுவின் தலைவி. அந்தப் பெயரை அவரும் அவருடைய ஆய்வுக்கூடமும் தவிர வேறு யாரும் சொல்வதில்லை. பயிரைப் பிடுங்கினால் வேரோடு ஒரு கற்றை வெள்ளை இழை தொங்குவதைப் பார்த்து, ஜனங்கள் அதற்குச் சடைநெல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். மழை அடுத்தடுத்துப் பொய்த்து, வானம் பார்த்த பூமியெல்லாம் பாளம்பாளமாக வெடித்துக் கிடந்த காலத்தில், கள்ளிவலசையில் விளைந்த ஒரே பயிர் அதுதான். அன்றைக்குத் தமயந்திக்கு மேளம் அடித்தார்கள். இன்றைக்கு அதே கரையில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றபோது, வாங்க என்று சொல்லக்கூட யாருக்கும் வாய் வரவில்லை.

அவர் குனிந்து ஒரு பிடி எடுத்தார். கைப்பையிலிருந்த சிறு லென்ஸை வைத்துப் பார்த்தார். பார்க்கவே தேவையில்லாமல் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"இது என்னம்மா? பாசியா?" என்று பஞ்சவர்ணம் கேட்டாள். பஞ்சவர்ணம் அந்த ஊரில் முளைப்பாரி எடுக்கும் பெண்களுக்கு மூத்தவள். ஊருணிக் காரியம் எதுவானாலும் அவள் சொல் இல்லாமல் நடக்காது.

"பாசியில்லக்கா. நம்ம நெல்லோட வேர்தான். வேர் இல்ல, வேர் மேல இருக்கிற முடி. வேர்த்தூவின்னு சொல்வோம்."

"வேருக்கு முடியா?"

"எல்லாச் செடிக்கும் உண்டு. கண்ணுக்கே சரியாத் தெரியாது. மண்ணுல இருந்து தண்ணியை உறிஞ்சறது அதுதான். ஒவ்வொரு முடியும் ஒரே ஒரு செல். அதைச் சுத்தி ஒரு சுவர் இருக்கும். நுனியில மட்டும் ஒரு புரதம் அந்தச் சுவரை இளக்கி விட்டுக்கிட்டே இருக்கும், அதனால முடி நீளும். பின்னாலேயே இன்னொரு புரதம் வந்து சுவரைத் தையல் போட்ட மாதிரி இறுக்கிடும். தையல் நுனிக்கு வந்துட்டா வளர்ச்சி முடிஞ்சது. சாதாரண நெல்லுல ஒரு கடுகு உயரத்துல நின்னுபோகும்."

"நீங்க என்ன செஞ்சீக?"

"தையலைத் தள்ளிப் போட்டோம். நுனி இளக்கமாவே இருந்தா முடி நீளமாப் போயி, ஆழத்துல இருக்கிற ஈரத்தைத் தேடி எடுக்கும்ல. அதுதான் யோசனை."

"நிக்கவே நிக்காதா?"

அதற்கும் ஏற்பாடு செய்திருந்தார்கள் என்று தமயந்தி சொன்னார். முளைத்து வரும் முதல் இலை வெளிச்சத்தைப் பார்த்தவுடன், தையல் போடும் புரதத்துக்கு நாள் குறிக்கப்பட்டுவிடும். கதிர் வைக்கும் பருவத்தில் எல்லா நுனியும் தைத்து மூடப்படும், அறுவடைக்குப் பிறகு வேர் மக்கிப்போகும். வயலில் பல தடவை சோதித்த விஷயம். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. இங்கே ஏன் தப்பியது, இந்த நெல் ஊருணிக்குள் எப்படி வந்தது என்று கேட்டுக்கொண்டே வந்தவர், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அவருக்கு நினைவு வந்துவிட்டது.

போன புரட்டாசியில் கள்ளிவலசை அம்மன் பொங்கலுக்கு அவரைச் சிறப்பு விருந்தாளியாக அழைத்திருந்தார்கள். முளைப்பாரி ஊர்வலத்துக்கு முன்னால், ஒரு மரியாதைக்காக, முளைப்பாரி வளர்க்கும் அறைக் கதவைப் பஞ்சவர்ணம் அவருக்குத் திறந்து காட்டினாள். ஜன்னலெல்லாம் சாக்கு கட்டி மூடிய அறை. கொடி கட்டிய நாளிலிருந்து ஊருணியில் கரைக்கும் நாள்வரை அந்த முளை வெளிச்சம் பார்க்கக்கூடாது. விரதம் இருக்கும் பெண்கள் மட்டும் உள்ளே போய்த் தண்ணீர் தெளிப்பார்கள், சுற்றிவந்து கும்மி கொட்டுவார்கள். மண் ஓடுகளில் முளை ஒரு முழம் உயரத்துக்கு, வெளிறிய மஞ்சளில், நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. வழக்கமாகப் பயறும் தானியமும் போடுகிறவர்கள் அந்த வருடம் ஓடு முழுக்கச் சடைநெல்லைப் போட்டிருந்தார்கள். பஞ்சத்தில் சோறு போட்ட நெல்லை அம்மனுக்குக் கொடுக்காமல் தாங்கள் மட்டும் எப்படித் தின்பது என்று பஞ்சவர்ணம் அன்றைக்குச் சொன்னாள்.

தமயந்தி நெகிழ்ந்துபோய் அதைப் படம் எடுத்துக்கொண்டார். இருட்டில் வளர்ந்த முளை ஏன் வெளிறியிருக்கிறது என்பதைப் பற்றி ஒரு மணி நேரம் வகுப்பு எடுக்கக்கூடியவர் அவர். அந்த வெளிறலுக்கும் தன்னுடைய தையலுக்கும் முடிச்சுப் போட்டுப் பார்க்க மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. ஆய்வுக்கூடத்தில் எல்லா அறைகளிலும் விளக்கு எரிந்தது. வயலில் எல்லா வரப்பிலும் சூரியன் அடித்தது. நெல்லை வேண்டுமென்றே இருட்டில் வைத்து வளர்ப்பவர்கள் உலகத்தில் உண்டு என்பது சோதனைத் திட்டம் போட்ட ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்களில் பாதிப்பேர் முளைப்பாரி எடுக்கும் ஊர்களிலிருந்து படிக்க வந்தவர்கள்.

ஊர்வலம் புறப்படுமுன் பஞ்சவர்ணம் ஓர் ஓட்டிலிருந்து ஒரு கொத்தைப் பிடுங்கி, ஈர வாழையிலையில் சுற்றி, தமயந்தியின் கையில் கொடுத்தாள். கள்ளிவலசை முளைப்பாரி ஊர் எல்லை தாண்டக் கூடாது என்பது வழக்கம். நெல்லைக் கொண்டுவந்த அம்மாவை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் அந்த ஒரு தடவை வழக்கத்தை மீறினாள். மற்றதெல்லாம் ஊருணியில் கரைந்தது.

"அப்ப வெளிச்சம் பாக்காததுதான் வினையாப் போச்சா?" என்றாள் பஞ்சவர்ணம் இப்போது.

"ஆமாக்கா. முதல் இலை வர்ற நேரத்துல வெளிச்சம் கிடைக்கலேன்னா அந்த நாள் குறிக்கிற வேலை நடக்காது. பிறகு எவ்வளவு வெயில் பட்டாலும் நடக்காது. நுனி தைக்கவே படாது. தண்ணி இருக்கிறவரைக்கும் போய்க்கிட்டே இருக்கும்."

"தண்ணி முடிஞ்சா?"

"தண்ணியெல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. அதைத்தான் நாம இப்பப் பார்த்துக்கிட்டிருக்கோம்."

பஞ்சவர்ணம் ஊருணிப் பக்கம் திரும்பினாள். அம்மனுக்குச் செய்த மரியாதை அம்மன் தண்ணீரையே குடித்துவிட்டது என்பதை அவள் மெல்ல மெல்ல உள்ளே வாங்கிக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் தமயந்திக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

அழிக்க ஒரே வழிதான் இருந்தது. மயில்துத்தம். தென்னைக்கும் திராட்சைக்கும் கலந்து அடிக்கும் அதே நீலக் கல், ஆனால் லாரிக் கணக்கில். இழை ஒவ்வொன்றும் செத்துவிடும். கூடவே ஊருணியும் செத்துவிடும். அதிலுள்ள செம்பு சேற்றில் இறங்கித் தங்கிவிடும், ஒரு தலைமுறைக்கு அந்தத் தண்ணீரை ஆடுகூட நக்கக் கூடாது. செய்யாமல் விட்டால், அடுத்த மழையில் ஊருணி நிரம்பிக் கலுங்கு தாண்டும். அந்தத் தண்ணீர் பக்கத்துக் கண்மாய்க்குப் போகும். அதிலிருந்து அடுத்த கண்மாய்க்கு. ஒரு துண்டு இழையோடு, புதுச் செடி கிளம்பும் கணு ஒன்று போனாலும் போதும்.

இதைத் தமயந்தி ஊர்க் கூட்டத்தில் எடுத்துச் சொன்னார். ஆண்கள் சத்தம் போட்டார்கள். வழக்குப் போடுவோம் என்றார்கள், மறியல் செய்வோம் என்றார்கள், இரண்டு பேர் அவரை அடிக்கவும் எழுந்தார்கள். சத்தமெல்லாம் ஓய்ந்த பிறகு எல்லோருடைய கண்ணும் பஞ்சவர்ணத்தின் பக்கம் திரும்பியது. ஊருணி அம்மனுடையது. அம்மனுக்குச் செய்யும் கையோ அவளுடையது.

"என் மக மாரிக்கண்ணைப் பரமக்குடிப் பக்கம் ஆத்தங்கரை ஊருல குடுத்திருக்கேன். அவுக வைகைத் தண்ணிதான் குடிக்கிறாக. இப்ப ரெண்டாவது உண்டாகியிருக்கா" என்று அவள் தமயந்தியைப் பார்த்துச் சொன்னாள். "நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கேன். எங்க ஊருணியைக் கொன்னுட்டா இது இதோட தீந்துருமா? எம்மக ஊருக்குப் போகாதுல?"

"முளைப்பாரி ஓடு எதுவும் ஊரைவிட்டு வெளியே போயிருக்கா?"

"எல்லை தாண்டாதும்மா. உங்களுக்குக் குடுத்த ஒரு கொத்துதான்."

"அது கார்லயே காஞ்சு சருகாகியிருக்கும்." தமயந்தி யோசிக்காமல் சொன்னார். "வேற எங்கயும் இல்ல. இங்க முடிச்சிட்டா முடிஞ்சது. நான் சத்தியமாச் சொல்றேன்."

"அப்பச் செய்யுங்க" என்றாள் பஞ்சவர்ணம்.

ஆனால் வெளியாள் கை படக்கூடாது என்று நிபந்தனை போட்டாள். லாரியில் வந்த மூட்டைகளைக் கரைக்கு வெளியிலேயே இறக்கச் சொன்னாள். மறுநாள் காலையில் முளைப்பாரிப் பெண்கள் குளித்து, ஈரத் துணியோடு, செருப்பில்லாத காலோடு வந்தார்கள். புரட்டாசியில் முளை வளர்த்த அதே மண் ஓடுகளைக் கொண்டுவந்திருந்தார்கள். ஓடுகளில் நீலக் கல்லை நிரப்பித் தலையில் தூக்கிக்கொண்டு, ஊர்வலம் வரும் அதே பாதையில் ஊருணிக்கு நடந்தார்கள். மேளம் இல்லை. கரையில் ஏறியபோது வரிசையில் நின்ற ஒருத்தி பழக்க தோஷத்தில் குலவை போட ஆரம்பித்தாள். பாதியிலேயே அவளுக்கு உறைத்தது. வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

ஒவ்வொருத்தியாக இறங்கிக் கொட்டினார்கள். வெள்ளை மெத்தை முதலில் நீலமாகி, பிறகு பழுப்பாகி, சாயங்காலத்துக்குள் தொய்ந்து அடியில் உட்கார்ந்தது. இத்தனை நாள் அது பிடித்துவைத்திருந்த தண்ணீர் விடுபட்டு மேலே வந்தது. ஊருணி முன்பு எப்போதும் இல்லாத அழகான நீலத்தில் நிறைந்து நின்றது. கரையில் உட்கார்ந்திருந்த ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. தமயந்திக்கு ஓடிப்போய்விட வேண்டும்போல் இருந்தது. தன் வாழ்நாளில் செய்த ஒரே உருப்படியான காரியத்தைப் பெண்கள் தலையில் விஷம் சுமந்துவந்து மூடுகிறார்கள் என்ற நினைப்பு அவரை வெட்டவெளியில் அம்மணமாக நிறுத்தியது.

அதற்குப் பிறகு கள்ளிவலசையில் ஒன்றும் இல்லை. வாரத்துக்கு இரண்டு தடவை தண்ணீர் லாரி வந்தது, பிறகு ஒரு தடவை, பிறகு கேட்டால் வந்தது. வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. திருப்பூருக்குச் சிலர், மதுரைக்குச் சிலர். எந்தப் பஞ்சத்திலும் ஊரைவிட்டு நகராத பஞ்சவர்ணமும் கடைசியில் மகள் வீட்டுக்குப் புறப்பட்டாள். சேற்று மாதிரி எடுக்க வந்திருந்த தமயந்தி, போகிற வழிதான் என்று சொல்லி அவளைக் காரில் ஏற்றிக்கொண்டார். ஒரு துணிப்பை, ஒரு குடம். குடத்தைப் பின்னால் வைக்கலாம் என்றபோது மடியிலேயே இருக்கட்டும் என்றாள்.

கார் ஓட்டுநர் சிக்கந்தர் வெகுகாலமாகத் தமயந்தியிடம் இருப்பவர். கூட்டம் நடக்கும் இடங்களில் வண்டியை நிழலில் போட்டுவிட்டு வெளியே காத்திருப்பார். உள்ளே என்ன பேசினார்கள் என்று அவரிடம் யாரும் சொல்வதில்லை, அவரும் கேட்பதில்லை. ஊர் காலியாகிறது, தண்ணீர் கெட்டுப்போய்விட்டது என்கிற அளவில்தான் அவருக்குத் தெரியும். பின்சீட்டில் அந்த அம்மாள் காலிக் குடத்தைக் கட்டிக்கொண்டு வெறித்துப் பார்த்துக்கொண்டு வருவது அவருக்குப் பொறுக்கவில்லை. ஆறுதலாக எதையாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.

"கவலைப்படாதீங்கம்மா. சாமி காரியத்தை நீங்க ஒரு குறையில்லாமத்தான் செஞ்சீங்க. நான்தான் பார்த்தேன்ல. அன்னைக்கு மேடம்கிட்ட ஒரு கொத்து முளை குடுத்தீங்களே, மேடம் அதைச் சீட்டுலயே மறந்துட்டாங்க. பரமக்குடியில அவங்க கூட்டத்துல இருந்தப்ப வண்டியைத் துடைக்கையில கண்டேன். நமக்கு வேற சாமின்னாலும், கும்பிட்ட பொருளைக் குப்பையில போட மனசு வருமா? ஓடுற தண்ணியில விட்டாத்தான் மரியாதைன்னு, ஆத்துப் பாலத்துக்குக் கொண்டுபோய் இறங்கி விட்டுட்டு வந்தேன். ஈர இலையில இருந்ததால வாடக்கூட இல்ல. அன்னைக்கு வைகையில தண்ணி நல்லாப் போய்க்கிட்டு இருந்துச்சு."

தமயந்தி முன்சீட்டில் இருந்தார். திரும்பிப் பார்க்க அவருக்குத் துணிவில்லை. சருகாகியிருக்கும் என்று தான் சொன்னதும், சத்தியமாக என்று சொன்னதும், சிக்கந்தரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும் என்பதும் ஒன்றன்பின் ஒன்றாக அவருக்குள் வந்து விழுந்தன. கேட்டிருந்தாலும் நெல் ஆற்றில்தான் இருந்திருக்கும். ஆனால் அந்தப் பெண்கள் அந்த ஓடுகளைத் தலையில் தூக்கியிருக்க வேண்டியதில்லை.

பின்சீட்டில் பஞ்சவர்ணம் குடத்தை மடியில் நிமிர்த்தி வைத்தாள்.

"நல்ல காரியம் செஞ்சீக தம்பி" என்றாள் பஞ்சவர்ணம். குரலில் கோபம் இல்லை. "எந்தப் பாலம்?"

"இதோ, இப்ப வருமே, இதேதான்."

"செத்த நிப்பாட்டுங்க."

பாலத்தின் தலைப்பில் கார் நின்றது. கீழே தடுப்பணைக்குப் பின்னால், குடிநீருக்காகத் திறந்துவிட்ட தண்ணீர் கரையோரம்வரை தேங்கிக் கிடந்தது. அக்கரையில் தென்னைகளுக்கு நடுவே மாரிக்கண்ணு வாழ்க்கைப்பட்ட ஊரின் மேல்நிலைத் தொட்டி தெரிந்தது. படித்துறையில் இரண்டு பெண்கள் துணி அலசிக்கொண்டிருந்தார்கள். பஞ்சவர்ணம் பாலத்துச் சரிவில் நின்று செருப்பைக் கழற்றினாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு படி இறங்கினாள்.

"என்ன மேடம், நான் எதுவும் தப்பாச் சொல்லிட்டேனா?" என்று சிக்கந்தர் கேட்டார்.

"இல்ல" என்றார் தமயந்தி.

அவர் கண்ணாடியை இறக்கினார். காரைவிட்டு இறங்கவில்லை. பஞ்சவர்ணம் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று, குடத்தின் வாயைச் சாய்த்து, ஒரு கையால் அழுத்தினாள். குடம் சறுக்கிக்கொண்டு பக்கத்தில் போய் மிதந்தது. எட்டி அதைப் பிடித்து இழுத்து, இந்தத் தடவை இரண்டு கையாலும் அழுத்தினாள்.